வெயிலை நம்பி விதைத்தோம், மழை வந்து நிற்கிறது: இனி கோடையை எப்படிக் கணக்கிடுவது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சம்பா அறுத்த ஒன்றரை ஏக்கரில் எள் போட்டிருக்கிறார்கள். அம்மா கோடை முழுக்க வடாமும் மோர்மிளகாயும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பிள்ளைகளின் பள்ளிச் செலவு அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது. இந்த ஆண்டு சித்திரை பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு மழை. எள்ளில் பாதி மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. இரண்டு தடவை போட்ட வடாம் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. "ஒரு வருஷம் வெயில் கொல்லுது, ஒரு வருஷம் மழை கொல்லுது. இனிமே கோடையை நம்பி ஏதாவது செய்யலாமா, இல்லை எல்லாத்தையும் விட்டுடலாமா?" என்று கேள்வியை முடித்திருந்தார்.

விட வேண்டாம், தம்பி. விட வேண்டியது ஒரு பழைய கணக்கை மட்டும்தான். மாசியில் தொடங்கி வைகாசி வரை ஒரே நீட்டு வெயில் என்று நம் பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு அது. இனி கோடையை மூன்று மூன்று நாளாக எண்ணப் பழக வேண்டும். அடுத்த மூன்று நாள் வெயில் கிடைக்குமா, அதற்குள் எந்த வேலையை முடிக்கலாம், நடுவில் மழை இறங்கினால் எது தாங்கும், எது தாங்காது? டெல்டாவில் 27 ஆண்டுகள் வேளாண் உதவி அலுவலராக வரப்பு வரப்பாக நடந்தவன் நான். கடைசிப் பத்து ஆண்டுகளில் கோடையில் தப்பித்தவர்கள் எல்லோரும் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டவர்கள்தான்.

முதலில், ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் வானத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

கோடை மழை புதிதில்லை. மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குச் சராசரியாக 12 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே மழை உண்டு. வடகிழக்குப் பருவமழை தருவது சுமார் 44 செ.மீ. என்றால், அதில் கால் பங்குக்கு மேல் கோடையிலும் வருகிறது. மாறியிருப்பது அது வருகிற விதம். 2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முழுக்க ஈரோடும் சேலமும் கரூரும் 40 டிகிரிக்கு மேல் வெந்தன. மே பாதி தாண்டியதும் அப்படியே திரும்பி மழை. மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். மறு ஆண்டு, 2025-இல், தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. வழக்கமான நாள் ஜூன் 1. 2009-க்குப் பிறகு அவ்வளவு முன்னதாக வந்ததில்லை. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பருவமழையே வாசலில் வந்து நின்றது.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். ஆகவே வெப்பம் கூடிய காலத்தில் காய்கிறபோது கடுமையாகக் காயும், பெய்கிறபோது கொட்டும். நீங்கள் எழுதியிருந்த "ஒரு வருஷம் வெயில், ஒரு வருஷம் மழை" இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகிறவை.

கோடை மழையின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காலையிலிருந்து தரை சூடாகிறது. அந்தச் சூட்டில் காற்று மேலே கிளம்புகிறது. பிற்பகலில் வங்காள விரிகுடாவிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் இந்தக் கடல்காற்றும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கே மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இதைத்தான் வெப்பச்சலன மழை என்கிறோம். அதனால்தான் பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கருக்கிறது. முதலில் சூறைக்காற்று, அப்புறம் பெரும் பெரும் துளி, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். உங்கள் ஊரில் கொட்டும், நான்கு கிலோமீட்டர் தள்ளி மண் நனையாது.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட மழைக்காலத்திலும் காலை ஏழு மணி முதல் மதியம் ஒரு மணி வரை பெரும்பாலான நாட்களில் நல்ல வெயில் கிடைக்கும். ஆறு மணி நேரம். அதை வீணாக்காமல் பயன்படுத்துவதில்தான் அம்மாவின் தொழில் நிற்கிறது. வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகி நம் பக்கம் மேகம் மூடும்போது மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. அப்போது நாள் முழுக்க மூட்டமும் தூறலுமாக இருக்கும். அதே தாழ்வுநிலை புயலாகி வடக்கே ஒடிசா, வங்காளம் என்று போய்விட்டால், ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இங்கே வெயில் ஏறும். மே மாதப் புயல் செய்தி வந்தால் பயப்படுவதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

அடுத்தது, வானிலை அறிக்கையைப் படிப்பது. இதில்தான் நான் ஒரு முறை அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், எங்கள் சொந்த எள். அறுத்துக் கட்டுக்கட்டாக வயலிலேயே கிடந்தது. அன்றைய அறிக்கையில் "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்று இருந்தது. ஓரிரு இடம்தானே, மிதமான மழைதானே என்று தார்ப்பாயை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மாலை ஐந்தரைக்குப் பிடித்த மழை ஏழு மணிக்குத்தான் விட்டது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், கட்டுக்கு அடியில் வெடித்துக் கொட்டிய எள் சேற்றோடு கலந்து கிடந்தது. கையில் அள்ளினால் மண்தான் அதிகம் வந்தது. என் மனைவி அதைச் சல்லடையில் போட்டு அலசிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பார்க்கையில் கட்டுக்குள் இருந்த காய்களிலேயே எள் முளைவிட்டிருந்தது.

அந்த அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. சொற்களுக்கு அளவு இருக்கிறது, நான்தான் அதை மனத்தில் வைக்கவில்லை. "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைக்கும் மழை பதிவாகலாம் என்று பொருள். நான்கில் ஒரு பங்கு சின்ன வாய்ப்பில்லை. "மிதமான மழை" என்பது 24 மணி நேரத்தில் 6.4 செ.மீ. வரைக்கும் போகும். 6 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய 2,40,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருபது வந்து உங்கள் ஒரு ஏக்கரில் கொட்டிவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எள்ளுக்கு அது மிதமில்லை. 6.5 செ.மீ.க்கு மேல்தான் "கனமழை", 11.5 தாண்டினால் "மிகக் கனமழை", 20.4 தாண்டினால் "அதி கனமழை". கனமழை என்ற சொல் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. செய்தியில் சொல்லும் மழை அளவு காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. அதோடு, அது தாலுகாவில் ஒன்றிரண்டு இடத்து அளவு. உங்கள் வயலின் அளவு உங்களிடம்தான் இருக்க முடியும். பக்கம் நேராக நிற்கும் ஒரு டப்பா, ஒரு அடிக்கோல், இரண்டும் போதும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, தினம் காலை அளந்து நோட்டில் எழுதுங்கள். நான் 1998 முதல் எழுதுகிறேன். எந்த மழைக்கு வயலில் தண்ணீர் நின்றது, எந்த மழையை மண் குடித்துவிட்டது என்பது இரண்டே கோடையில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எதை எப்போது பார்ப்பது? செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை வரும். 'மேகதூத்' செயலியில் மாவட்ட வாரியாக அடுத்த ஐந்து நாளுக்குத் தமிழிலேயே பார்க்கலாம். விதைப்பா, அறுவடையா, எத்தனை கிலோ அரிசி ஊறப்போடுவது என்ற முடிவுகளுக்கு அது. அன்றைய முடிவுக்கு வேறு. மதியம் ஒரு மணியிலிருந்து வானிலை ஆய்வு மையம் அவ்வப்போது வெளியிடும், மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே ஆன எச்சரிக்கையையும் காரைக்கால் ரேடார் படத்தையும் பாருங்கள். ரேடாரில் பலத்த மழையைக் காட்டும் சிவப்புத் திட்டு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று நான்கைந்து படத்தை அடுத்தடுத்துப் பார்த்தாலே புரியும். யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம், மேற்கே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கோடை இடிமழை பல நாள் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் எழும்பி மாலையில் கிழக்கே வரும். எனக்கு ஒரத்தநாட்டில் ஒரு நண்பர் இருக்கிறார். அங்கே காற்று மாறினால் உடனே கூப்பிடுவார். "கிளம்பிடுச்சு, எடுத்து வை" என்று ஒரே வரி. அதிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் கிடைக்கும். களத்தில் காய்கிற உளுந்தை அள்ளி மூட அது போதும்.

சரி, இப்போது எள்.

எள்ளைப்போல் வறட்சியைத் தாங்கும் பயிரும் குறைவு, அதைப்போல் தேங்கிய நீருக்கு அஞ்சும் பயிரும் குறைவு. வேரைச் சுற்றி ஒரு நாள் தண்ணீர் நின்றாலே மூச்சு முட்டி இலை தொங்கும். இரண்டாம் நாள் வேர் அழுகல் உள்ளே வந்துவிடும். செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: தண்டின் அடி கறுத்து, பட்டை நார் நாராக உரிந்தால் அது போய்விட்டது. அதைப் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். வேர் வெள்ளையாக, நிமிண்டினால் உறுதியாக இருந்தால் இலை மஞ்சளானாலும் பிழைக்க வழியுண்டு. அந்தப் பகுதியில் இன்றைக்கே வடிகால் பறியுங்கள். மண்வெட்டி அகலம், ஒரு சாண் ஆழம், சரிவைப் பார்த்து மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்று. வயல் முழுக்க முடியாவிட்டாலும் தாழ்ந்த மூலையைத் திறந்துவிடுங்கள். வேர் காயாமல் உரமோ மருந்தோ தெளித்துப் பயனில்லை. கடைக்காரர் சொன்னார் என்று காசைக் கொட்டாதீர்கள்.

நிற்கிற பாதியை அறுக்கும் நேரம் முக்கியம். கீழ் இலைகளில் கால் பங்கு உதிர்ந்து, தண்டின் நடுவரைக்கும் காய் மஞ்சளானதும் அறுத்துவிடுங்கள். உச்சிக் காயும் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்துவிடும், அதற்குள் இன்னொரு மழையும் வந்துவிடும். அறுத்ததை வயலில் பரப்பிப் போடாமல் மேடான இடத்தில் வட்டமாக அடுக்குங்கள். அடித்தண்டு வெளியே, நுனி உள்ளே. மேலே வைக்கோல் மூடி, மழை அறிகுறி தெரிந்தால் அதற்கு மேல் தார்ப்பாய். மூன்று நாள் இப்படி அடுக்கிய போரில் இருந்தால் உள்சூட்டில் இலை உதிர்ந்து காய் பதமாகும். நான்காம் நாள் காலை வெயிலில் விரித்து உலுக்கினால் முக்கால் பங்கு எள் கொட்டிவிடும். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு காலை வெயில் போதும். வெயில் மொத்தமாக வேண்டியிருப்பது மூன்று காலைகள்தான், பாருங்கள்.

அடுத்த ஆண்டுக்கும் இப்போதே யோசியுங்கள். எள் 80, 85 நாள் பயிர். மாசி கடைசியில் விதைத்தால் அறுவடை நேராக வைகாசி மழைக்குள் போய் விழும். தை கடைசியிலேயே விதைக்க முடிந்தால் சித்திரை நடுவில் வயலைவிட்டு வந்துவிடலாம். விதைக்கு முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து நேர்த்தி செய்தால் வேர் அழுகல் குறையும். அதைவிட நான் அழுத்திச் சொல்வது, ஒன்றரை ஏக்கரையும் ஒரே பயிருக்குக் கொடுக்காதீர்கள். தாழ்ந்த பகுதியில் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுங்கள். நம் டெல்டாவில் தலைமுறையாகச் செய்வதுதான். பனி ஈரத்தில் வளர்ந்து, இடிமழை கிளம்பும் முன் பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடும். மேட்டில் மட்டும் எள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

காப்பீட்டை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கும் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. பருவம் தவறிய மழையால் அது நாசமானால் கேட்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், காப்பீடு கட்டிய வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ எழுதிக் கொடுக்கலாம். மழை விட்டதும் முதல் வேலையாக, தேதி தெரியும்படி நான்கு புகைப்படம் எடுங்கள். எள் உங்கள் பிர்காவில் அறிவிக்கப்பட்ட பயிரா என்பதை விதைக்கும் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

இனி அம்மாவின் வடாம்.

மழைக் கோடையில் வடாம் போவதற்கு மழை பாதிக் காரணம், தரை மீதிக் காரணம். முதல் நாள் மாலை நனைந்த மொட்டைமாடி மறுநாள் பத்து மணி வரைக்கும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் துணி விரித்தால் மேல்பக்கம் காயும், அடிப்பக்கம் வேகும். புளித்த வாடை முதலில் அங்கிருந்துதான் கிளம்பும். கயிற்றுக் கட்டிலை மாடிக்கு ஏற்றி அதில் வேட்டியை இழுத்துக் கட்டிப் பிழியச் சொல்லுங்கள். அடியிலும் காற்று ஓடினால் ஆறு மணி நேர வெயிலில் ஒரு நாள் காய்ச்சல் முழுசாகக் கிடைக்கும். அச்சை மெல்லியதாக மாற்றினால் இன்னும் நல்லது.

அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். பத்துக் கிலோ ஒரே நாளில் போடுவது பழைய கோடைக்குச் சரி. இப்போது மூன்று கிலோ, மூன்று கிலோவாக. அரைத்த மாவு ஓர் இரவு காத்திருக்கும், கிண்டிய கூழ் காத்திருக்காது. ஆகவே அடுப்பை மூட்டும் முன் விடியற்காலை எழுந்து வானத்தையும் கைபேசியையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். கூழ் கிண்டிய பிறகு மேகம் கூடிவிட்டால் அன்றைக்கு அது வீட்டுப் பிள்ளைகளுக்கு. சுடச்சுட நல்லெண்ணெய் விட்டுத் தின்னட்டும். அரை காய்ச்சலில் மழை வந்தால் கட்டிலோடு உள்ளே தூக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வையுங்கள். குவித்து மூடிவைப்பதுதான் பூசணத்துக்கு வழி. பூசணம் கண்ட வடாமைத் துடைத்து, மறுபடி காயவைத்து விற்காதீர்கள். வெள்ளையோ கறுப்போ தெரிந்தது மேல்பரப்புதான், விஷம் உள்ளே இறங்கியிருக்கும். இரண்டு தடவை குப்பையில் கொட்டினார் என்று எழுதியிருந்தீர்களே, அம்மா செய்தது மிகச் சரி. அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

மழை அதிகமான ஆண்டில் மோர்மிளகாயைக் கூட்டுங்கள். அது இரவில் எப்படியும் மோருக்குத் திரும்பிப் போகிற பண்டம். இரண்டு நாள் வெயில் வராவிட்டால் உப்பைக் கொஞ்சம் கூட்டி மோரிலேயே கிடக்க விடலாம், கெடாது. உப்பு நாரத்தங்காயும் அப்படித்தான். மாவடுவுக்கு வெயிலே வேண்டாம். ஜாடியும் உப்பும் கைப்பக்குவமும் போதும். வெயில் வேண்டிய சரக்கு பாதி, வெயில் வேண்டாத சரக்கு பாதி என்று கடைகளிடம் இப்போதே பேசி வையுங்கள்.

குழுவாக நான்கைந்து பேர் சேர்ந்தால் சூரிய கூடார உலர்த்தி போடலாம். பாலிகார்பனேட் தகடு வேய்ந்த கூடாரம். உள்ளே வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருக்கும், தூறலில் எடுத்து வைக்க ஓட வேண்டாம், தூசியும் ஈயும் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு. இந்த ஆண்டு எவ்வளவு என்று உங்கள் கோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மகளிர் குழு பேரில் விண்ணப்பிப்பது நல்லது.

வேதாரண்யம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீர்கள். நம்மைவிட வெயிலை நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள். ஒரு பலத்த மழை பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும். மறுபடி உப்பு வார வாரக்கணக்கில் ஆகும். ஆனால் உப்பளத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கெட்டியான உப்புநீர் கனம், மழைநீர் இலகு. கலங்காமல் இருந்தால் மழைநீர் மேலாகவே மிதந்து நிற்கும். மேல்மட்டத்தை மட்டும் திறந்து அதை வடித்துவிட்டால், நாள்கணக்கில் வெயிலில் சுண்டிய நீர் அடியில் தப்பிவிடும். அதனால்தான் சுண்டிய நீரை ஆழமான இடத்தில் சேர்த்து வைப்பார்கள். மழை வந்தாலும் எல்லாம் போகாதபடி முதலிலேயே ஒரு ஏற்பாடு. உங்கள் மேட்டு எள்ளும், தாழ்வில் உளுந்தும், ஜாடியில் மாவடுவும் அதே ஏற்பாடுதான்.

இடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது எனக்கு. பயிர் போனால் மறுபோகம் உண்டு. நாட்டில் 2022-இல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். இப்படிச் சாகிறவர்களில் வயலிலும் மேய்ச்சலிலும் இருப்பவர்கள்தான் அதிகம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே வீட்டுக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். பனை, தென்னை, ஒற்றை வேம்பு எதன் அடியிலும் ஒதுங்கக் கூடாது. களத்தில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 'தாமினி' செயலி 40 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் வரும்போது முன்கூட்டிச் சொல்லும். களை எடுக்க வரும் பெண்களிடம் பெரும்பாலும் அந்தச் செயலி இருக்காது, ஆகவே வேலைக்குக் கூப்பிட்ட நீங்கள்தான் பார்த்து அவர்களை அனுப்ப வேண்டும். கூலியைப் பிடிக்காமல் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகள் விடுமுறை வீணாகிறதே என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அருவிக்குப் போவதென்றால் மலைமேல் மழையா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே கரையேற வேண்டும். வீட்டில் இருக்கும் நாட்களில் மழைநீர் தேங்கிய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்க்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

இவ்வளவு கெடுத்த மழையிடமிருந்து ஒன்றையாவது வாங்கிக்கொள்ளுங்கள். "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள். எள் செத்துப்போன முக்கால் ஏக்கரை, மண் பொதபொதவென்று இருக்கையில் உழ வேண்டாம், கட்டி தட்டிவிடும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர்கிற பதத்தில் சரிவுக்குக் குறுக்காக ஒரு உழவு போடுங்கள். கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் காயும், கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும், அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். கையோடு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துவிட்டால் இந்த மழையிலேயே வளர்ந்துவிடும். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் சம்பாவுக்கு அடியுரச் செலவில் ஒரு பகுதி மிச்சம்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்தத் தாழ்ந்த மூலையைத் திறந்துவிடுங்கள். வடிந்ததும் நான்கு இடத்தில் செடியைப் பிடுங்கி, வேர் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். எது பிழைக்கும், எதை உழலாம் என்று இடம் இடமாகச் சொல்கிறேன்.